ஜெர்மனியில் ஓராண்டு தன்னார்வப் பணி: இடம் கிடைத்திருக்கிறது, போகலாமா?

மலைச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

வத்தலக்குண்டு பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான பகல் பள்ளி. 31 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், ஒரு ஆயாம்மா, ஒரு பழைய வேன். எனக்கு வயது 24.

போன வருடம் வெல்ட்வெர்ட்ஸ் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். ஜெர்மனியின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைச்சகம் நிதி கொடுத்து நடத்தும் திட்டம். 2008-இல் தொடங்கியபோது அங்கிருந்து இளைஞர்கள் நம் மாதிரி நாடுகளுக்கு வருவது மட்டும்தான் இருந்தது. 2013-இலிருந்து நம் பக்கத்து இளைஞர்கள் அங்கே போகவும் வழி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் ஒரு பட்டறையில் 12 மாதம். தங்க இடம், சாப்பாடு, காப்பீடு, மாதம் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். சம்பளம் கிடையாது.

அம்மாவுக்கு பயம். அதைப் பேசிச் சரி செய்துவிடலாம். எங்கள் நிர்வாகி ஐயா சொன்னதுதான் மனதில் முள்ளாக இருக்கிறது. "போன பிள்ளை திரும்பாதும்மா, எனக்குத் தெரியும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அந்த ஒரு வருடத்தால் திரும்பி வந்த இடத்துக்கு ஏதாவது பயன் இருந்ததா?

வைகைக்கரை

தங்கச்சி, நான் 2018-இல் இதே திட்டத்தில்தான் போய் வந்தேன். அதுவும் நீ சொல்லும் மாதிரி ஒரு பட்டறைதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே போனதும் நீ சேர்வது அவர்களுடைய கூட்டாட்சித் தன்னார்வச் சேவை என்ற உள்நாட்டுத் திட்டத்தில். 2011-இல் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தினார்கள். அதுவரை ராணுவத்துக்குப் பதிலாக முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்த பையன்கள் வருவது நின்றுபோனது. அந்த இடத்தை நிரப்பத்தான் அதே ஆண்டு ஜூலையில் இந்தச் சேவையைக் கொண்டுவந்தார்கள். ஆகவே நீ போகும் இடத்தில் உன்னோடு ஜெர்மன் பிள்ளைகளும் இதே வேலையை, இதே கைச்செலவுப் பணத்துக்குச் செய்துகொண்டிருப்பார்கள். இது முக்கியம், பிறகு யாராவது வந்து "எடுபிடி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்" என்பார்கள்.

வருடத்தில் 25 நாள் பயிற்சி வகுப்பு கட்டாயம். போனதும் சில நாள், நடுவில் சில நாள், முடிவில் சில நாள் என்று பிரித்து வைப்பார்கள். பல நாட்டுப் பிள்ளைகள் ஒரு விடுதியில் தங்கி, சமையலும் முறை வைத்துத்தான். நடு வகுப்பில்தான் நான் வாயே திறந்தேன். அதுவரை சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பட்டறையில் என் பொறுப்பாளர் ஒருநாள் என்னை உட்காரவைத்து, "உனக்குப் பிடிக்காததை நீ சொன்னதே இல்லை. சொல்லாவிட்டால் நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். பெரியவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. இன்றைக்கு எங்கள் ஊரில் திட்ட அதிகாரிகளோடு பேசும்போது கை கொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

பட்டறையில் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். திருகாணிகளைப் பத்துப் பத்தாக எண்ணிப் பையில் போட்டு மூடும் வேலை. அங்கே பாதிப் பேருக்கு ஐந்துக்கு மேல் எண்ண வராது. ஆனால் ஒரு பையில்கூட எண்ணிக்கை தப்பாது. காரணம் ஒரு மரப்பலகை. அதில் பத்துக் குழி. குழிக்கு ஒரு திருகாணி வைக்க வேண்டும். எல்லாக் குழியும் நிறைந்ததும் பலகையைச் சாய்த்தால் ஒரு பள்ளம் வழியாக அத்தனையும் பைக்குள் விழும். எண்ணத் தெரிய வேண்டியதே இல்லை, காலிக் குழி கண்ணுக்குத் தெரிந்தால் போதும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் என் பக்கத்தில் உட்காருவார். நான் அவசரத்தில் ஒரு குழியை விட்டுவிட்டால் விரலை அதில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் வைக்கும் வரை விரலை எடுக்க மாட்டார்.

பிள்ளைகளை மாற்றுவதைவிட வேலையை மாற்று என்பதை எந்த வகுப்பிலும் நான் படிக்கவில்லை, அந்தப் பலகையில் பார்த்தேன். திரும்பி வந்ததும் எங்கள் ஊர்த் தச்சரிடம் சொல்லி வேப்பமரத்தில் நான்கு பலகை செய்தேன். ஊதுபத்தி எண்ணிக் கட்டும் வேலைக்கு வைத்தோம். இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உப்பாறு

வைகைக்கரை அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

அங்கிருந்து இங்கே வருபவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வரும் 18, 19 வயதுப் பிள்ளைகள். ஆசிரியர் பயிற்சி கிடையாது, மொழி தெரியாது. ஆனால் நம் ஊர்ப் பள்ளியில் அவர்கள் வகுப்பறைக்குள் போய்விடுகிறார்கள். இங்கிருந்து நான்கு வருட அனுபவத்தோடு ஒரு பெண் அங்கே போனால் திருகாணி எண்ணும் மேசையில் உட்காருகிறார். ஒரே திட்டத்தில் இப்படி இருந்தால் அதைச் சமம் என்று எப்படிச் சொல்வது? மலைச்சாரலைப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் கேள்வியை அவர் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறேன்.

வைகைக்கரை

தம்பி, கேள்வி நியாயம்தான். மேசை பற்றி முன்பே சொன்னேன், ஜெர்மன் பிள்ளைகளும் அதே மேசையில்தான். சமமில்லாதது வேறு இடத்தில் இருக்கிறது. என் விசாவுக்கு நான் காத்திருந்த வாரங்களை இன்னும் மறக்கவில்லை. திரும்பி வருவேன் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். வராத ஒரு நாளை எந்தக் காகிதத்தால் நிரூபிப்பது? அரசே அழைத்து, அரசே பணம் கொடுக்கும் திட்டம் அது. அமைச்சகம் வா என்கிறது, கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் ஏன் வருகிறாய் என்கிறார். எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு விசா மறுக்கப்பட்டது. அவள் ஏற்கெனவே வேலையை விட்டிருந்தாள். பொறுமையாக ஜெர்மன் படித்து, ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 என்ற ஆரம்பநிலைத் தேர்வும் எழுதி வைத்திருந்த பிள்ளை அவள்.

அதனால் மலைச்சாரல், விசா கையில் வரும்வரை ராஜினாமா கடிதம் எழுதாதே. இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கணக்கர்78

நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தவன். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு நிறுவனத்தில் 11 வருடம் கணக்கு பார்த்தேன். வருடா வருடம் ஜெர்மனியிலிருந்து இரண்டு பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அவர்களை அனுப்பும் செலவில் முக்கால் பங்கு வரை அமைச்சகம் கொடுக்கும், மீதியை அங்குள்ள அனுப்பும் அமைப்பு திரட்ட வேண்டும். வரும் பிள்ளைக்கு வரும்முன் பயிற்சி, நடுவில் பயிற்சி, போன பிறகு பயிற்சி. நல்ல ஏற்பாடு, குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்றுக்கொள்ளும் எங்களுக்கு? வேலை விசாவில் வருவார்கள். எந்த நிறுவனம், எந்த ஊர் என்று விசாவிலேயே குறிப்பு இருக்கும். வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு. வாடகை ஒப்பந்தம், போலீஸ் விசாரணை, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, வீட்டு ஞாபகத்தில் அழுதால் ஆறுதல். இத்தனையும் எங்கள் விடுதிக் காப்பாளர் சுமந்தார். அவருக்கு ஒரு நாள் பயிற்சிகூட யாரும் கொடுக்கவில்லை. அவருக்கு ஆங்கிலமும் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் படுத்தது என்று தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

2020 மார்ச் நடுவில் அத்தனை தன்னார்வலர்களையும் திரும்ப அழைத்தார்கள். எங்களிடம் இருந்த பெண் மாலைநேர வகுப்பில் பிள்ளைகளோடு சுவரில் ஒரு வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். செய்தி வந்து நான்காம் நாள் விமானம். 22-ஆம் தேதி வெளிநாட்டு விமானங்களே நின்றுபோயின, அதற்கு முன்னால் போய்விட்டாள். அந்தச் சுவரில் ஆப்பிரிக்கா வரைக்கும்தான் வண்ணம் இருக்கிறது. பிள்ளைகள் மீதியை வரைய விடவில்லை, அக்கா வந்து முடிப்பாள் என்றார்கள். அவளுக்கு ஊர் திரும்பிய பிறகும் ஆன்லைனில் வகுப்பு நடத்தி மனதைத் தேற்றினார்கள் என்று கடிதம் போட்டாள். எங்கள் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதே 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. வாங்கிய நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவே கூடாது. இந்தக் கடைசி விதிதான் எங்களைப் போன்றவர்களை அடித்தது. ஒரு பெரிய நிறுவனம் பணம் வாங்கி, ஐந்து சின்ன ஊர்களில் தன்னார்வலர்களை வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு அதோடு போயிற்று.

ஈப்போ வாணி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குத் தெரிந்தது ஜப்பான் அரசின் கப்பல் திட்டம். தென்கிழக்காசிய இளைஞர் கப்பல் என்பார்கள். 1974-இல் தொடங்கியது. அந்த வருடம் ஜனவரியில் ஜப்பான் பிரதமர் தனாகா இந்தப் பக்கம் வந்தபோது பாங்காக்கிலும் ஜகார்த்தாவிலும் பெரிய எதிர்ப்பு, ஜகார்த்தாவில் கலவரமே ஆனது. அதே வருடம் ஐந்து நாடுகளோடு சேர்ந்து கப்பலை விட்டார்கள். பிறகு ஆசியானில் அப்போதிருந்த பத்து நாடும் சேர்ந்தன.

நான் போனபோது கிட்டத்தட்ட 300 பேர், 50 நாள். ஒரு கேபினில் மூன்று பேர், மூன்றும் வேறு வேறு நாடு. என் கேபினில் ஒரு வியட்நாம் பெண், ஒரு ஜப்பான் பெண். ஜப்பான் பெண் குமிழ் விளக்கைக்கூட எங்களைக் கேட்டுத்தான் அணைப்பாள். துறைமுகத்தில் இறங்கும் ஊர்களில் உள்ளூர்க் குடும்பங்களோடு தங்க வேண்டும். மொழி தெரியாத வீட்டில் இரண்டு இரவு தங்கினால், கேட்காமலே எழுந்து பாத்திரம் கழுவக் கற்றுக்கொண்டுவிடுவோம்.

இங்கே எங்கள் இளைஞர், விளையாட்டு அமைச்சு ஆள் எடுத்து, முகாம் போட்டுத் தயார் செய்யும். முகாமில் பாதி நேரம் நடன ஒத்திகைக்கே போனது. அது எனக்கு வருத்தம்தான். நாட்டைக் காட்டுவது என்றால் மேடையில் உடுப்பு மாற்றுவது என்று ஆகிவிட்டது. மூன்று நிமிட இந்திய நடனத்துக்கு நான் பொறுப்பு. தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி கதையைச் சொல்ல அந்த மூன்று நிமிடத்தில் இடமில்லை. அதை நான் இரவில் கேபினில் சொன்னேன். அந்த வியட்நாம் தோழி தன் பாட்டி கதையைச் சொன்னாள். இன்றும் பேசுகிறோம்.

ஆனால் ஒன்று நன்றாகச் செய்தார்கள். திரும்பிய பிறகு ஊரில் ஏதாவது செய்ய வேண்டும், அதைக் கப்பலிலேயே குழுவாக உட்கார்ந்து திட்டமிட வேண்டும். பழைய பயணிகள் சங்கம் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிறது, அவர்கள் விடமாட்டார்கள். எங்கள் குழு ஒரு தோட்டப்புறப் பள்ளியில் வாசிப்பறை வைத்தது. மலைச்சாரல், உங்களை அனுப்பும் அமைப்பிடம் கேளுங்கள், திரும்பியவர்கள் சங்கம் இருக்கிறதா, யாராவது ஃபோனை எடுப்பார்களா என்று.

உப்பாறு

கணக்கர் ஐயா, அந்தச் சுவர் இன்னும் அப்படியே இருக்கிறதா?

கணக்கர்78

நான் ஓய்வு பெறும்வரை இருந்தது தம்பி.

நாகானோ காற்று

ஜப்பானில் நாகானோ மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். பக்கத்தில் கொமகானே என்று ஒரு ஊர். ஜப்பான் வெளிநாட்டு ஒத்துழைப்புத் தன்னார்வலர்களின் பயிற்சி மையம் அங்கே இருக்கிறது. 1965-இல் தொடங்கிய அமைப்பு, முதல் குழு லாவோஸ் போனது. இதுவரை 40 ஆயிரம் பேருக்கு மேல் போய் வந்திருக்கிறார்கள். 2016-இல் மக்சேசே விருது கொடுத்தார்கள். போகும் முன் 70 நாள் அளவில் மையத்திலேயே தங்கிப் படிக்க வேண்டும், பெரும்பகுதி போகும் நாட்டின் மொழிதான். அப்புறம் இரண்டு வருடம் வெளிநாடு.

நிர்வாகி ஐயாவின் பயத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். பள்ளி ஆசிரியர்கள் வேலையை விடாமல் விடுப்பில் போக வழி உண்டு. திரும்பியவர்களுக்கு பல நகராட்சிகளில் வேலைக்குத் தனிப் பிரிவில் தேர்வு வைக்கிறார்கள். போனவர் கற்றுவந்தது ஊருக்கு வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே இடம் போட்டு வைக்கிறார்கள்.

எங்கள் நகராட்சியில் வெளிநாட்டவர் கவுன்ட்டரில் இருக்கும் அம்மா அப்படி ஆப்பிரிக்காவில் இரண்டு வருடம் இருந்து வந்தவர். நான் வந்த புதிதில் குப்பை போடும் நாள் புரியாமல் போய் நின்றேன். என் ஜப்பானிய மொழி அப்போது பத்து வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் என் கையில் இருந்த காகிதத்தை வாங்கித் தானே எழுதி முடித்து அனுப்பியிருப்பார்கள். அவர் வாங்கவில்லை. நான் சொல் தேடும்வரை காத்திருந்தார். பிறகு காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு வாரத்தை ஏழு கட்டமாக வரைந்து, செவ்வாயில் ஒரு வாழைப்பழத் தோலும் வெள்ளியில் ஒரு பாட்டிலும் வரைந்தார். சொல் கிடைக்காமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கம் செலவழித்த பணம் இருபது வருடம் கழித்து அந்தக் கவுன்ட்டரில் எனக்கு வந்து சேர்ந்தது.

பனங்காடு

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். என் தம்பி இதே ஜெர்மன் திட்டத்தில் போய் திரும்பி வந்தான். ஆறு மாதத்தில் மறுபடி போய்விட்டான், செவிலியர் தொழிற்பயிற்சிக்கு. மூன்று வருடப் படிப்பு, படிக்கும்போதே சம்பளம். அவர்களுக்குப் பராமரிப்பு வேலைக்கு ஆள் இல்லை, தன்னார்வத்தில் ஒரு வருடம் பழகிய பிள்ளை என்றால் உடனே எடுத்துக்கொள்கிறார்கள்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. முதல் முறை திரும்பி வந்தபோது அவன் பழைய நிறுவனத்துக்குத்தான் போனான். அவன் இடத்தில் வேறு ஒருவர் இருந்தார். எட்டாயிரம் ரூபாய்க்குப் பகுதிநேர வேலை இருக்கிறது என்றார்கள். அவன் கற்றுக்கொண்டு வந்ததை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மாலை, ஒரு டீ, "அங்கே என்னப்பா பார்த்தாய்" என்று ஒரு கேள்வி. அதுகூட இல்லை. போட்டோ எடுத்து முகநூலில் போட்டுக்கொண்டார்கள்.

போனவர்கள் திரும்புவதில்லை என்கிறோம். திரும்பியவர்களுக்கு என்ன வைத்திருந்தோம்?

வைகைக்கரை

பனங்காடு அண்ணா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதவே முடியவில்லை. எனக்கு அந்த மாலையும் டீயும் கிடைத்தன. எங்கள் இயக்குநர் அம்மா முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்து, "இவள் பேசட்டும், நாம் கேட்போம்" என்றார். தச்சருக்கு 1,200 ரூபாய் கொடுத்ததும் அவர்தான். அது இல்லாவிட்டால் அந்தப் பலகை என் தலைக்குள்ளேயே இருந்திருக்கும். நானும் ஒருவேளை இன்று அங்கேதான் இருந்திருப்பேன்.

மலைச்சாரல், உன் நிர்வாகியிடம் பயத்தைப் பற்றி பேசாதே. இடத்தைப் பற்றிப் பேசு. என் வேலையை ஒரு வருடம் யார் பார்ப்பார்கள், நான் வந்தால் எந்த நாற்காலி, மாதம் ஒருமுறை நான் எழுதி அனுப்புவதைப் பள்ளியில் யார் படித்துக் காட்டுவார்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சட்டப்படி செல்லுமா என்று கேட்காதே. உனக்கும் அவருக்கும் செல்லும்.

உப்பாறு

நான் முன்பு எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். சமம் என்பதை அந்தப் பக்கத்து மேசையில் மட்டும் தேடினேன். நம் பக்கத்திலும் நாற்காலி காலியாக இருக்கிறது. மற்றபடி விசா விஷயத்திலும், பயிற்சி இல்லாத பிள்ளைகளை வகுப்புக்குள் விடும் விஷயத்திலும் என் கருத்து மாறவில்லை.

கணக்கர் ஐயா சொன்ன விடுதிக் காப்பாளர் போன்றவர்களையும் அந்த 25 நாளில் இரண்டு நாளாவது கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். மொழிபெயர்க்க ஒரு ஆள் வைத்தால் போதும். மலைச்சாரல், அங்கே இறுதி வகுப்பில் கருத்து கேட்பார்கள் அல்லவா, இதைச் சொல்லுங்கள்.

மலைச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. பத்து நாளாகப் பதில் எழுதவில்லை, காரணம் உண்டு.

இந்த இழையை அச்செடுத்து நிர்வாகி ஐயாவிடம் கொடுத்தேன். ஒரு வார்த்தையும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கூப்பிட்டார். பனங்காடு அண்ணா எழுதிய பகுதியில் பேனாவால் கோடு போட்டிருந்தார். இதற்கு முன் இரண்டு பேர் இங்கிருந்து பயிற்சிக்குப் போனார்கள், திரும்பி வந்து தன்னைப் பார்க்கக்கூட வரவில்லை என்பதுதான் அவர் மனதில் இருந்தது. "நானும் அவர்களைக் கூப்பிடவில்லை" என்றார்.

தாள் எழுதிவிட்டோம். என் வகுப்பை ஒரு வருடம் ஆயாம்மாவின் மகள் பார்ப்பாள், அவள் சிறப்புக் கல்வி டிப்ளமோ முடித்திருக்கிறாள். நான் வந்த பிறகும் அவள் இருப்பாள், இருவருக்கும் சம்பளம் எங்கிருந்து என்பதை ஐயா தேட வேண்டும். அதையும் தாளில் எழுதச் சொன்னவர் அவர்தான். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் அனுப்பும் கடிதத்தை ஆசிரியர் கூட்டத்தில் படிப்பார்கள். அம்மாவும் அந்தக் கூட்டத்துக்கு வருவாராம், கடிதத்தை முதலில் தன்னிடம்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்.

அடுத்த மாதம் சென்னையில் ஏ1 தேர்வு. விசா வரும்வரை ராஜினாமா எழுத மாட்டேன் அக்கா. எழுதவே வேண்டாம், சம்பளமில்லா விடுப்பு போதும் என்று ஐயா சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு உதவி. அந்தப் பலகையை நான் போகும் முன்பே இங்கே செய்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். எங்கள் பிள்ளைகள் மெழுகுவத்தி எண்ணிக் கட்டுகிறார்கள், எப்போதும் ஒன்று கூடும் அல்லது குறையும். அளவு கொடுப்பீர்களா?

வைகைக்கரை

ஒன்றரை அடி நீளம், அரை அடி அகலம், ஒரு அங்குல கனம். மெழுகுவத்தி என்றால் குழி வேண்டாம், நீளவாக்கில் பத்து வரிப்பள்ளம் எடுக்கச் சொல். ஒரு முனை திறந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம்தான் சாய்க்க வேண்டும். ஓரத்தை நன்றாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல், பிள்ளைகள் விரலில் சிராய் ஏறிவிடும். பள்ளத்துக்கு மட்டும் அடர்த்தியான வண்ணம் அடி, காலியாக இருந்தால் பளிச்சென்று தெரியும். எங்களுடையதை நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.